சிவப்பு எட்டிப் பார்க்கும் காய்கள்

நவம்பர் மழை விட்டதும் மொட்டை மாடித் தொட்டிகளில் இருந்த குடைமிளகாய்ச் செடிகள் இலையைச் சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தன. இனிப் பூத்தாலும் காய் நிற்காது என்று சரளா முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், மகன் டென்சிலைக் கூப்பிட்டுக்கொண்டு மாடியேறினாள். லிங்கராஜபுரத்தில் குளிர் இறங்கிவிட்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளைத் தொட்டால் ஈரமா குளிர்ச்சியா என்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் அறுத்துடுடா. காம்போட அறு, முறுக்காத. கொஞ்சமாச்சும் சிவப்பு எட்டிப் பாக்கறது இந்தக் கூடைக்கு. முழுப் பச்சை அந்தப் பைக்கு."

"பச்சை பழுக்காதாம்மா?"

"அது என்ன சப்போட்டாவா, அரிசியில பொதைச்சு வெக்க? முழுப் பச்சை உள்ள வெச்சா வதங்கித்தான் போகும். கலர் மாற ஆரம்பிச்சதுதான் வீட்டுக்குள்ள பழுக்கும். கதகதன்னு இருக்கணும், அவ்வளவுதான்."

தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த பெர்னார்டுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கிறிஸ்துமஸ் மாதத்தில் பெர்னார்ட் பஃப்ஸுக்குள் சிவப்புக் குடைமிளகாய் நறுக்கிப் போடுவார். தொண்ணூற்றெட்டில் அது எல்லாக் காய்கறிக் கடையிலும் கிடைக்கிற சாமானாக இருக்கவில்லை. சரளாவின் மாடியில் செடியிலேயே விட்டால் பழுக்கிறது என்று தெரிந்ததும், "சிஸ்டர், சிவந்ததெல்லாம் எனக்குத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டென்சில் அறுத்தான். ஒரு காயைக் கையில் எடுத்து, வெயிலுக்குக் காட்டி, திருப்பி, மறுபடி திருப்பினான். அம்மா பேசிக்கொண்டே, பார்க்காதவள் மாதிரி கூடைக்கும் பைக்கும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பது அவனுக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அவனும் சில வழிகளை வைத்திருந்தான். மாற ஆரம்பித்த காயில் அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு மங்கல் இருக்கும். முகர்ந்தால் காரல் குறைந்திருக்கும். அழுத்தினால் லேசாக இளகும். மூன்றும் ஒத்துவந்தால் கூடை. இரண்டு ஒத்து ஒன்று ஒத்துவராவிட்டால் அவன் நின்றுவிடுவான்.

"இன்னாடா, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கற?" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலும் இப்படித்தான். மரம் வரைந்து இலைக்கு அவன் அடித்த வர்ணத்தைப் பார்த்து டீச்சர் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். கவனம் போதாது என்று ரிப்போர்ட்டில் எழுதினாள். அன்றிலிருந்து அவன் அதை நம்பிவந்தான். மற்றவர்கள் ஒழுங்காகக் கவனிக்கிறார்கள், தனக்குத்தான் புத்தி எங்கோ போய்விடுகிறது. அதனால் எதையும் இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பது அவன் வழக்கமாகிவிட்டது.

பகலில் காக்ஸ் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றான். சாயங்காலம் பிரேசர் டவுன் பக்கம் எலக்ட்ரிகல் வயரிங் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு செய்முறைப் பரீட்சை. அதில் தேறினால் கான்ட்ராக்டர் மதலைமுத்து ஜனவரியிலிருந்து அவனையும் அவன் கூட்டாளி கிரணையும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்பா பாதி மாதம் லாரியோடு வெளியில் இருப்பவர். போன முறை வந்தபோது, பையன் எலக்ட்ரீஷியன் ஆகப்போகிறான் என்று எதிர்வீட்டுக்காரர்வரை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காய்களைக் கதகதப்பாக வைப்பதற்கு டென்சிலே ஒரு ஏற்பாடு செய்தான். அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டி. அடியில் நியூஸ்பேப்பர், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் காய்கள், மூடியில் தொங்கும் ஒரு நாற்பது வாட் பல்பு. கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியிலிருந்து மூன்று கம்பி உள்ள பழைய ஒயரை உருவி மாட்டினான். சிவப்புக் கம்பி கரண்டைக் கொண்டுவரும், கறுப்பு திருப்பிக் கொண்டுபோகும், பச்சை எர்த். தகரமோ இரும்போ எது இருந்தாலும் பச்சையை அதன் உடம்போடு முறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசிவு வந்து யாரையாவது அடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாரும் கேட்காமலே அவன் பெட்டியின் கைப்பிடி ஆணியில் எர்த் கம்பியை முறுக்கினான்.

பல்பு எரிந்தது. அக்கா ரெஜினா கார்மென்ட்ஸிலிருந்து வந்து பார்த்துச் சிரித்தாள். "நமக்கு ஹீட்டர் இல்ல, மொளகாய்க்கு ஹீட்டர்."

நாட்கள் போயின. அம்மா அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஆகா, நல்லா சிவந்து வருது" என்பாள். டென்சிலும் எட்டிப் பார்த்து, "ஆமா" என்பான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாக் காயும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத்தான் அவனுக்குத் தெரிந்தன. ஆனாலும் வாசனை மாறியிருந்தது. பெட்டியைத் திறந்தால் ஆப்பிள் பழத்துக்கும் பச்சைமிளகாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று.

ஒரு நாள் அம்மா அவசரமாகக் கிளம்பும்போது சொன்னாள். "சிவந்ததா பாத்து ஒரு பை எடுத்துட்டுப் போய் பெர்னார்ட் அங்கிள் கிட்ட குடுத்துடு. மாறாதது இன்னும் கிடக்கட்டும்."

அவன் தன் வழிகளின்படி பொறுக்கினான். முகர்ந்தான், அழுத்தினான், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பையைப் பேக்கரியில் வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனான். சாயங்காலம் திரும்பும்போது பெர்னார்ட் மாவுக் கையோடு வெளியே வந்து கூப்பிட்டார்.

"இன்னா மேன், தமாஷா? சிவப்பு கேட்டா பாதி பச்சையைக் கொட்டிட்டுப் போயிருக்க. அம்மாவுக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லலாமே."

"எல்லாம் சிவந்ததுதான் அங்கிள்."

பெர்னார்ட் ஒரு காயை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "இது சிவப்பா?"

டென்சில் பார்த்தான். கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வந்தான்.

வழியெல்லாம் ஒரே குழப்பம். பெர்னார்டே மாற்றி வைத்திருப்பாரா? எதற்கு? பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் குளிரில் மறுபடி பச்சையாகிவிடுமா? அப்படி நடப்பதாக அவன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் குடைமிளகாயைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே கொஞ்சம்தான். வீட்டில் அம்மா பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"சின்னப் புள்ளைகூட பிரிச்சிருக்கும். எங்கடா புத்தி உனக்கு?"

டென்சில் காய்களைப் பொறுக்கி மறுபடி பையில் போட்டான். அதையேதான் அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டான்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் ரெஜினா இஸ்திரி போடுவதற்காக டிரங்குப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பழைய ஒயர் பிளக்கிலிருந்து மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. "இரு, மாட்டித் தர்றேன்" என்று டென்சில் உட்கார்ந்தான். பரீட்சையில் செய்யப்போவதும் இதுதான், பழக்கமாகவும் இருக்கும். மேலே நடுவில் இருக்கும் பெரிய முளை எர்த், வலது பக்கம் சிவப்பு. மூன்று கம்பிகளையும் சீவி, திருகி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்து முடுக்கினான். சுவரில் சொருகி சுவிட்சைப் போட்டான்.

"எரியுதாக்கா?"

"எரியலடா." ரெஜினா வெறுங்காலோடு தரையில் குத்துக்காலிட்டுப் பெட்டியின் மூடியைத் தூக்கப் போனாள். கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தலை கட்டில் காலில் இடித்தது.

டென்சில் சுவிட்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நெஞ்சைத் தடவி, இயேசுவே இயேசுவே என்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ரெஜினா வாய் திறந்தாள்.

"டேய், ஹீட்டரைத் தொட வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்."

அவனால் சிரிக்க முடியவில்லை. பிளக்கைப் பிரித்தான். எல்லாம் சரியாக இருந்தது. வலது பக்கம் சிவப்பு. மேலே பச்சை. மறுபடி பெட்டிப் பக்கம் போய்ப் பார்த்தான். ஆணியில் பச்சை. சரி. திரும்பப் பிளக். சரி. சரியாக இருக்கிற ஒன்று எப்படி அக்காவைத் தூக்கி எறியும்?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ரெஜினா அம்மாவின் மடியிலிருந்து எழுந்து வந்து பிளக்கை வாங்கிப் பார்த்தாள். "எது சிவப்பு?"

"இது."

"இதாடா?"

"வெளையாடாத அக்கா."

"நான் ஏன்டா வெளையாடறேன். ஷாக் அடிச்சது எனக்கு." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து இரண்டு காய்களை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முன்னால் வைத்தாள். "இதுல சிவப்பு எது?"

அவன் குனிந்து முகரப் போனான். அவள் அவன் தலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோந்து பாக்காத. கண்ணால சொல்லு."

அவன் பார்த்தான். ஒன்று கொஞ்சம் இருட்டு, ஒன்று கொஞ்சம் வெளுப்பு. இருட்டாக இருந்ததைக் காட்டினான். பிறகு மற்றதைக் காட்டினான். பிறகு கையை மடக்கிக்கொண்டான்.

ரெஜினா வேலை செய்யும் இடத்தில் கட்டிங் பக்கம் ஒருவன் இருந்தானாம். நூலும் துணியும் ஒத்துப்போகிறதா என்று கேட்டால் எல்லாமே ஒத்துப்போகிறது என்பானாம். கடைசியில் டாக்டர் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, இவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்று சொன்னாராம். பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். "பொறவியிலயே அப்படியாம். கவனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்" என்றாள் ரெஜினா.

டென்சிலுக்கு நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. தபால் பெட்டி சிவப்பு என்று அவனுக்குத் தெரியும். எல்லோரும் சொன்னதால் தெரியும். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்க வேண்டும். அப்படியானால் அவன் இத்தனை வருஷமாகச் சிவப்பு என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? முதல் தடவை பல்பு ஏன் எரிந்தது? பெட்டியிலும் பிளக்கிலும் ஒன்றுபோல மாட்டியிருந்தால், தப்பாக இருந்தாலும் எரியும், யாரையும் அடிக்காது; முதல் தடவை தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது, இன்று பிளக் பக்கம் மாறிப்போயிருக்கிறது என்று யோசித்துக் கண்டுபிடித்தான். இத்தனை நாள் அந்தப் பெட்டியை அம்மா தினமும் திறந்து மூடியிருக்கிறாள்.

வகுப்பில் எப்படித் தப்பினான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கிரண் கம்பியைச் சீவி, சிவப்பு என்று சொல்லிக் கொடுப்பான். இவன் முடுக்குவான். முடுக்குவதில் இவனை விட்டால் ஆள் கிடையாது.

சாயங்காலம் ஜீவனஹள்ளிக்குப் போய் கிரணைப் பார்த்தான். கிரணுக்குச் சளி பிடித்திருந்தது. மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டான். பிறகு தன் சட்டையைக் காட்டி, இது என்ன கலர் என்று கேட்டான். டென்சில் தப்பாகச் சொன்னான். கிரண் குனிந்து தன் சட்டையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சரி விடு மச்சி, பேஜார் பண்ணிக்காத. நாளைக்கு என் போர்டு பக்கத்துலதான் உன் போர்டு. நீ கம்பியைத் தூக்கு. நான் இருமறேன். ஒரு தடவை சிவப்பு, ரெண்டு தடவை பச்சை. பாஸானா போதும். சைட்டுக்குப் போனா நான்தான் உன் கூடவே இருப்பனே."

"நீ லீவு போட்டா?"

"போடமாட்டேன்."

"கல்யாணம் ஆனா?"

"உன்னையும் கூட்டிட்டுப் போறேன்டா, போடா."

டென்சில் ராத்திரி சாப்பிடும்போது அக்காவின் கையைப் பார்த்தான். அவள் இடது கையால் தம்ளரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நடந்த கூடத்தில் ஜன்னல் கண்ணாடிகள் தூசி படிந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு மரப் பலகை. ஒரு ஓரத்தில் வெட்டிப்போட்ட கம்பிகளின் குவியல். முடித்துக் காட்டிய பிறகுதான் கரண்ட் கொடுப்பார்கள், அதுவரை டெஸ்டர் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. மதலைமுத்துவும் வந்திருந்தார். பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து யாரை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை வைக்க வந்தவர் கன்னடக்காரர், நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். எல்லோருக்கும் "நிதானமா, நிதானமா" என்றார்.

டென்சில் ஒரு கம்பியைத் தூக்கினான். பக்கத்திலிருந்து ஒரு இருமல். சிவப்பு. மாட்டினான். அடுத்ததைத் தூக்கினான். இரண்டு இருமல். பச்சை. அதை எர்த் ஆணிக்குக் கொண்டுபோகும்போது மூன்றாவது இருமல் வந்தது. அவன் நின்றான். நான்காவதும் வந்தது. திரும்பிப் பார்த்தால் கிரண் கண்ணில் நீர் வழிய மப்ளரை வாயில் அடைத்துக்கொண்டு, கையை இல்லை இல்லை என்று ஆட்டினான். அந்த இல்லை எதற்கு என்று தெரியவில்லை. இருமல் கணக்கில்லை என்கிறானா, இந்தக் கம்பி பச்சை இல்லை என்கிறானா? இருமல் நிற்கவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு பையன்களுக்கும் தொற்றிக்கொண்டது. கூடம் முழுக்க இருமலாக இருந்தது.

"நீரு கொடி அவரிகெ" என்றார் பரீட்சைக்காரர். யாரோ கிரணுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

டென்சில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எர்த் ஆணியைப் பார்த்தான். வெறும் மரப் பலகைதான். இதைத் தொட்டு யாரும் விழப்போவதில்லை. இரண்டில் ஒன்று, எதையாவது மாட்டினாலும் பாதிக்குப் பாதி தேறிவிடலாம். அவன் பெட்டி ஆணியை நினைத்தான்.

"சார்."

"ஏனப்பா?"

"இது சிவப்பா, பச்சையா?"

பரீட்சைக்காரர் சிரித்தார். பிறகு அவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். "தமாஷ் பண்றியா?"

"இல்ல சார். எனக்குத் தெரியல. நேத்து எங்கக்காவுக்கு ஷாக் அடிச்சிருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது."

கூடத்தில் இருமலெல்லாம் நின்றுவிட்டது. பரீட்சைக்காரர் இன்னொரு கம்பியை எடுத்துக் காட்டினார், அதன்பின் இன்னொன்று. டென்சில் ஒன்றைச் சரியாகச் சொன்னான், ஒன்றைத் தப்பாக. அவர் மதலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். மதலைமுத்து ஸ்டூலை விட்டு எழுந்து, அவன் பலகைக்கு வந்து, அவன் முடுக்கியிருந்த திருகாணிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வேலை நல்ல வேலைதான் தம்பி" என்றார். "ஆனா நான் எப்படி உன்னை எடுத்துக்கறது, சொல்லு. ஒரு வீட்டுக்குள்ள குழந்தை குட்டி இருக்கும்."

"எடுத்துக்காதீங்க சார்" என்றான் டென்சில். சொன்ன பிறகு அதைத்தான் சொல்ல நினைத்தானா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் படியிலிருந்து திரும்பி வந்தான். கூடத்துக்குப் பக்கத்து அறையில் மோட்டார் வைண்டிங் வகுப்புக்காரர்களின் மேசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆள் இல்லை. மோட்டாரின் வயிற்றுக்குள் சுற்றுகிற செப்புக் கம்பி, உருளை உருளையாக. எல்லாம் ஒரே நிறம். ஒரே நிறம் என்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிவதை இப்போது எவ்வளவு தூரம் நம்புவது? மறுபடி கூடத்துக்குள் போய்ப் பரீட்சைக்காரரிடம் கேட்டான்.

"சார், அந்த ரூம்ல இருக்கற கம்பியெல்லாம் ஒரே கலரா, வேற வேற கலரா?"

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வைண்டிங் வயரா? காப்பர்தானே, எல்லா ஒந்தே கலர், ஒண்ணேதான்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "வெளியே வர்ற லீடு ஒயருக்கு மட்டும் கலர் இருக்கும். அதுக்கு நம்பர் சீட்டு கட்டிக்கலாம். ஜனவரியில புது பேட்ச். ஆபீஸ்ல கேளு."

ஆபீஸ் பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பில் எண்ணெய் வைத்திருந்தாள். ரெஜினா தரையில் உட்கார்ந்து, பெட்டியில் மிச்சமிருந்த காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெர்னார்டுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம்.  நடந்ததை அவனே சொன்னான். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்பாவுக்கு என்ன சொல்றது?" என்றாள் கடைசியில்.

"கேட்டா சொல்லலாம்மா."

"அன்னிக்கு உன்னைத் திட்டினேனே" என்று ஆரம்பித்து, முடிக்காமல் கடலைமாவைக் கரைக்கப் போனாள்.

டென்சில் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தான். அவள் காய்களை எடுத்துவைத்தாள். அம்மாவைப் போலவே, பார்க்காதவள் மாதிரி. அவன் நடுவில் கிடந்த ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்தான். இனித்தது. ஓரத்தில்கூட அந்தப் பச்சைக் கசப்பு இல்லை. மென்றுகொண்டே யோசித்தான். ருசி ஏமாற்றாது என்று தோன்றியது.

"இது சிவப்பு" என்றான்.

ரெஜினா அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பாதிக்குப் பாதிடா" என்றாள். "நீ கடிச்ச பக்கம் சிவப்பு."

அவன் காயைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைக் கடித்தான்.